கைக்குத் தெரிந்தது

காதுமூடியை மாட்டிக்கொண்டதும் குலேந்திரனுக்குத் தன் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்டது. பக்கத்துத் தடுப்புகளில் மற்றவர்கள் சுடுகிற சத்தம், அடுத்த தெருவில் யாரோ மெத்தையைத் தட்டுவது போலத் தள்ளிப் போய்விட்டது. முன்னால் இடுப்புயரத்தில் ஒரு மேசை, அதன்மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு, விரிப்பின்மேல் அந்தப் பிஸ்டல். சின்னது. உள்ளங்கையை விரித்து மேலே வைத்தால் பாதி மறைந்துபோகும். பழைய சாமான்தான், ஆனால் அதிகம் பாவிக்காதது என்று துப்பாக்கிக் கடைக்காரி டார்லீன் சொன்னாள். முன்பு வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரராம், கையில் நடுக்கம் வந்ததால் கொடுத்துவிட்டாராம். பிடியில் பெருவிரல் படுகிற இடத்தில் மட்டும் சொரசொரப்புத் தேய்ந்து மினுங்கியது. அதிகம் பாவிக்கவில்லை என்றால் ஏன் தேய்ந்தது? சுடாமல் சும்மா கையில் வைத்துக்கொண்டே இருந்திருப்பாரோ, பின்னேரங்களில், தொலைக்காட்சிக்கு முன்னால், ஒருவரும் வராத வாசலைப் பார்த்தபடி? தனக்கும் அப்படி ஆகிவிடுமோ? ஆகும் என்றால் தபால்காரரைப்போல ஆகாது, வேறு மாதிரி ஆகும், அதுதான் பயம். அதை எடுக்க வேண்டும். எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டு மாதமாகத் தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துவிடுவது நல்லது என்று சொல்லிக்கொண்டுதான் இன்றைக்கு வந்தான். வந்த பிறகு, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"அத்தான், அது கடிக்காது. எடுங்கோ" என்றான் கேதீஸ், காதுமூடிக்கு மேலால் கத்தி.

கேதீஸ் மனைவி சுபத்திராவின் தம்பி. துப்பாக்கி ஒன்று வாங்கச் சொல்லி இரண்டு மாதமாக விடாமல் நின்றவன் அவன்தான். ஹூஸ்டனுக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்கிற பெட்ரோல் நிலையம், ஒரு மைலுக்கு அக்கம்பக்கத்தில் வீடில்லை, அங்கே பதினெட்டு வருடமாக ஒரு கம்புகூட வைத்துக்கொள்ளாமல் இருக்கிற ஆள் டெக்சாஸ் முழுவதிலும் அத்தான் ஒருவர்தான் என்பான். சுபத்திரா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் வாறன் என்று மட்டும் சொல்லிக் காலையில் சேலை மாற்றிக்கொண்டு காரின் பின்சீட்டில் ஏறியிருந்தாள். இப்போது முதுகுக்குப் பின்னால், தடித்த கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி இருக்கிறாள். அங்கே சத்தம் அவ்வளவாகக் கேட்காது, ஆனாலும் அவளும் ஒரு காதுமூடி வாங்கிப் போட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தான். கொண்டைக்கு மேலால் அந்த ஆரஞ்சு நிறக் கவசம் பொருந்தாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் கையசைக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் நினைத்தது அவன் பயந்துவிட்டான் என்று. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி, வெளியே தார் உருகுகிற வெயில், கடைக்குள் ஒருவருமில்லை. சாம்பல் நிறத் தொப்பிச் சட்டை போட்ட ஒருவன் வந்தான், நாற்பது வயது இருக்கும், முகத்தில் இரண்டு நாள் தாடி. குளிர்பானப் பெட்டிப் பக்கம் ஒருமுறை போய் வந்தான், பிறகு கல்லாவுக்கு எதிரே நின்று சட்டைக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டினான். போலீஸ் வந்தபோது குலேந்திரன் ஒரு கதிரையில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தான், அதைத்தான் அவர்கள் பார்த்தார்கள், சுபத்திராவும் அதைத்தான் பார்த்தாள். பாவம், பயந்துவிட்டார் என்று தண்ணீர் கொடுத்தார்கள். அவன் நடுங்கியது அதற்கல்ல. அந்த மனிதன் நீட்டியதும் குலேந்திரனுக்குள் எல்லாம் அமைதியாகிவிட்டது. குளிர்சாதனத்தின் இரைச்சல் நின்றது போல இருந்தது. அந்த ஆளின் விரல் விசையில் இல்லை, வெளியேதான் இருக்கிறது என்று கண் பார்த்தது. எடை முழுவதும் இடது காலில், முழங்கை மடங்கியிருக்கிறது, பழக்கமில்லாதவன். கழுத்து திறந்திருக்கிறது. ஒன்றரை அடி. இதெல்லாவற்றையும் குலேந்திரன் யோசிக்கவில்லை, அவனுக்காக யாரோ உள்ளேயிருந்து எண்ணிச் சொன்னார்கள், அவசரமே இல்லாமல், இனிமையாகக்கூட. அந்த நேரத்தில் அவனுடைய வலது கை மேசைக்குக் கீழே, அட்டைப்பெட்டி வெட்டுகிற கத்தி கிடக்கிற தட்டுக்குப் போயிருந்தது. யார் போகச் சொன்னது? அந்த ஆள் கல்லாவில் இருந்ததையும் நாலு பெட்டி சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான், யாருக்கும் ஒரு கீறல் இல்லை, போலீஸ்காரர் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். குலேந்திரன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நடுங்கினான். முப்பத்தாறு வருடமாகச் செத்துப்போய்விட்டான் என்று அவன் நம்பியிருந்த ஒருவன், கூப்பிடாமலே எழுந்து வந்து, வேலையைத் தொடங்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன, ரவையை நான் போட்டுத் தரட்டே?"

"இல்லை, நானே போடுறன்" என்றான். அதுதான் முதல் சோதனை, அதைக் கேதீஸிடம் கொடுக்க முடியாது. மகசினை இடது கையில் பிடித்து ஒவ்வொரு ரவையாகப் பெருவிரலால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பதினேழு வயதில் கண்ணைக் கட்டிவிட்டுப் போடச் சொல்வார்கள், அவன்தான் முதலாவதாக முடிப்பான். எட்டு மாதம். ஊரில் ஆயுத இயக்கத்தில் அவன் இருந்தது எட்டு மாதம்தான், பிறகு மஞ்சள் காமாலை வந்து வீட்டுக்கு அனுப்பினார்கள், அம்மா இரவோடு இரவாகக் கொழும்புக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டாள். எட்டு மாதத்தை வாழ்க்கையில் இருந்து கழித்துவிடுவது கடினமான காரியமா? அங்கே அவனுக்கு வேறு பெயர். அந்தப் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது, சுபத்திராவுக்கும் தெரியாது, குடிவரவுப் படிவத்தில் அந்த வருடத்துக்கு எதிரே மாணவன் என்று எழுதினான், எழுதி எழுதி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. ஆனால் வேலிக்கட்டைகளின் மேல் கவிழ்த்து வைத்த ஒன்பது தேங்காய்ச் சிரட்டைகளை அவனால் கழிக்க முடியவில்லை. முகாம் பொறுப்பாளர் தன் இடுப்பிலிருந்த பிஸ்டலைக் கழற்றி, சுடு பார்ப்பம் என்று கொடுத்தார். ஒன்பதுக்கு ஒன்பது. ஒவ்வொரு சிரட்டையும் துள்ளி விழுந்தபோது அவனுக்குள் ஏற்பட்ட அந்தச் சந்தோசம், அதைப் போல ஒன்று பிறகு வாழ்க்கையில் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதுகூட அது வேறு சந்தோசம். உன்ர கைக்குத் தெரியுது, உனக்குத் தேவையில்லை, கை பாத்துக்கொள்ளும் என்றார் பொறுப்பாளர். அதற்கு மூன்று வாரம் கழித்துக் கடல்நீர்க் களப்பு ஓரத்தில் துவக்கோடு பதுங்கிக் கிடந்தான், விடிந்தும் விடியாத நேரம், அக்கரையில் ஒருவர் குந்தியிருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பதுங்கியிருந்த இயக்கக்காரர் சுடச் சொன்னார். கை பார்த்துக்கொண்டது. அந்த மனிதர் விழவில்லை, குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார், நிமிரவில்லை, அவ்வளவுதான். யார் என்று கடைசிவரை தெரியாது. ஆமிக்காரரா, மீன்பிடிக்க வந்தவரா, ஒருவரும் அக்கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அவனை இத்தனை வருடமாகக் கொல்வது அதுகூட இல்லை. அந்த நொடியில் அவன் மனதில் முதலாவதாக வந்த எண்ணம், பட்டிட்டுது என்பதுதான். சிரட்டைக்கு வந்த அதே சந்தோசம், அதே அளவு. பயமும் மற்றதெல்லாமும் பிறகுதான் வந்தன.

முதலாவது ரவை உள்ளே போகவில்லை. பெருவிரல் வழுக்கியது. திரும்பத் தள்ளினான், கோணலாக நின்றது. மூன்றாவது தரம் ரவை கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டு தரையில் விழுந்தது, கேதீஸ் குனிந்து எடுத்துக் கொடுத்தான். இது புது மாதிரி, அங்கே இருந்தது வேறு மாதிரி என்று குலேந்திரன் தனக்குள் சொல்லிக்கொண்டான், இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பத்தையும் போட்டு முடிக்கும்போது நகக்கண் எரிந்தது. டார்லீன் வந்து பக்கத்தில் நின்றாள். அறுபது வயதுக்கு மேலிருக்கும், நரைத்த தலையைப் பின்னிவிட்டிருந்தாள், கண்ணாடிச் சங்கிலி கழுத்தில் ஆடியது. "முதல் தடவையா?" என்று கேட்டாள். குலேந்திரன் வாயைத் திறந்தான், மூடினான். கேதீஸ்தான் ஆம் என்றான். "சரி. அவசரம் வேண்டாம். மூச்சை விடுங்கள், விசையை மெதுவாக அமுக்குங்கள். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக்கூடாது" என்றாள். பிறகு ஒரு பொத்தானை அமுக்கினாள், கம்பியில் தொங்கிய தாள் ஆடி ஆடிப் பின்னுக்குப் போய் ஏழு மீற்றரில் நின்றது. தாளில் ஒரு மனித உருவம், கறுப்பாக, தோளும் தலையும் மட்டும், முகமில்லை. வட்டம் போட்ட தாள் கிடையாதா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. உருவமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனை சோதனையாக இராது.

எடுத்தான். எதிர்பார்த்ததைவிடப் பாரம் குறைவு, எதிர்பார்த்ததைவிடக் குளிர். தபால்காரரின் பெருவிரல் இருந்த இடத்தில் தன் பெருவிரல் போய் உட்கார்ந்தது. இனி வரும், இப்போது அந்த அமைதி வரும், குளிர்சாதன இரைச்சல் நிற்கும், உள்ளே இருக்கிறவன் எண்ணத் தொடங்குவான் என்று காத்திருந்தான். இரைச்சல் நிற்கவில்லை. நெஞ்சு இன்னும் பலமாக அடித்தது, முழங்காலுக்குப் பின்னால் வியர்த்து வழிந்தது, மூக்குக்கண்ணாடி சறுக்கி வந்தது. முன்குறி தெளிவாகத் தெரிந்தது, ஆனால் ஒரு நிமிடம் நிற்கவில்லை, தண்ணீரில் மிதக்கிற கட்டையைப் போல மேலும் கீழும் போனது. விசையை அமுக்கினான். வெடித்தபோது கண் மூடியிருந்தது. பிஸ்டல் கையை மேலே தூக்கிப் போட்டது, ரவையின் வெற்றுக்கோது கன்னத்தில் சுட்டுவிட்டு விழுந்தது, வெடிமருந்து மணம் மூக்கில் ஏறியது. அந்த மணம் அதே மணம்தான், அதை மட்டும் உடம்பு அறிந்தது. தாளைப் பார்த்தான். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை, கீழே எங்கோ சீமெந்தில் தூசி கிளம்பியது. ஒவ்வொரு முறையும் வெடிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே தோள் சுருங்கியது, கண் இறுக மூடியது, பட்டாசுக்குப் பயந்த பிள்ளையைப் போல. பத்தும் முடிந்து பிஸ்டல் வாயைத் திறந்தபடி நின்றது.

"பரவாயில்லை அத்தான். முதல்தரம் தானே" என்றான் கேதீஸ். அவன் முகத்தில் உண்மையான கவலை.

குலேந்திரனுக்குள் ஏதோ ஒன்று இளகப் பார்த்தது. அவன் அதை விடவில்லை. பொறு என்றான் அதனிடம். கை வேண்டுமென்றே தவறவிட்டிருக்கலாம். படக்கூடாது என்று விரும்பிக்கொண்டு சுட்டவனுக்குப் படாமல் போவதில் என்ன அதிசயம்? கை கெட்டிக்காரக் கை, எசமான் எதை விரும்புகிறான் என்று அதற்குத் தெரியும், நடித்துக் காட்டியிருக்கும். கடையில் ஒருநாள் நடிக்காது. இப்படித்தான் எப்போதும் அவனுடைய மனம், ஒரு கதவைத் திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு கதவை வைத்துவிடும். அப்படியென்றால் இன்னொரு மகசின். இந்த முறை உண்மையாக. இந்த முறை பட வேண்டும் என்று விரும்பிச் சுட வேண்டும், அந்தச் சிரட்டைகளை நினைத்து, அந்தச் சந்தோசத்தை வா என்று கூப்பிட்டு. அது வருமானால் வரட்டும், வந்தால் இந்தச் சாமானையும் வாங்காமல், கடையையும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போய்விடுவது. ரவைகளைப் போட்டான், நகம் திரும்ப எரிந்தது. கால்களை அகட்டி நின்றான், பொறுப்பாளர் காட்டிக் கொடுத்த மாதிரி, வலது காலைச் சற்றுப் பின்னுக்கு வைத்து. மூச்சை விட்டான். கறுப்பு உருவத்தின் நெஞ்சுக்கு நடுவே குறியைக் கொண்டுபோனான், கண்ணை மூடாதே, மூடாதே, இப்போது. மூடியது. திரும்ப. மூடாதே. மூடியது. வா என்று உள்ளே கூப்பிட்டான், அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டான், முப்பத்தாறு வருடத்தில் முதல்தடவையாக, உதடு அசைய. ஒருவரும் வரவில்லை. அங்கே ஐம்பத்து மூன்று வயதில், சர்க்கரை மாத்திரை எடுக்கிற, படியேறினால் இளைக்கிற ஒரு பெட்ரோல் நிலையக்காரன் மட்டும் நின்றான், முழு மனதோடு குறிவைத்து, முழு மனதோடு தவறவிட்டுக்கொண்டு. ஒன்பதாவது ரவை தாளின் மேல் மூலையை, உருவத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு கிழி கிழித்தது. பத்தாவது அதுவும் இல்லை.

டார்லீன் பொத்தானை அமுக்கினாள், தாள் ஆடி ஆடிக் கிட்ட வந்தது. மூவரும் பார்த்தார்கள். உருவம் துப்புரவாக இருந்தது, நெஞ்சில் ஒன்றில்லை, தோளில் ஒன்றில்லை. டார்லீன் தொண்டையைச் செருமினாள். "நான் விற்கிறவள், இதைச் சொல்லக்கூடாது" என்றாள். "ஆனால் இது உங்கள் கடையில் இருந்தால் எனக்கு நித்திரை வராது. ஒரு நல்ல கமெரா வாங்குங்கள், கல்லாவுக்கு முன்னால் தடித்த கண்ணாடி போடுங்கள்." குலேந்திரன் சிரித்தான். முதலில் மூக்கால்தான் வந்தது, பிறகு அடக்க முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான், துடைக்கத் துடைக்க வந்தது. கேதீஸ் அவனுடைய முதுகைத் தடவினான். "வெக்கப்படாதேங்கோ அத்தான், பழகினால் வரும்" என்றான். வராது தம்பி, வராது என்று தலையை ஆட்டினான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், எங்கிருந்தோ, அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் முழுதாகத் திரும்பி வந்தது. இரண்டு மாதமாக அவன் பார்த்துக்கொண்டிருந்தது பாதியைத்தான், கை கத்திக்குப் போனதை. கை கத்தியை எடுத்தது, பிடித்தது, பிறகு அந்த ஆளின் இரண்டு நாள் தாடியில் வியர்வை வழிவதைக் கண் பார்த்தது, அவனும் நடுங்குகிறான் என்று தெரிந்தது, அப்போது கை கத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டு வெறுமையாக மேலே வந்தது. வந்து கல்லாவைத் திறந்தது. யாரும் சொல்லாமல்தான் அதையும் செய்தது. இது எப்படி மறந்தது? கை போனதை நூறு தரம் நினைத்தவன் அது திரும்பி வந்ததை ஒருதரம்கூட நினைக்கவில்லையே. அதே கைதானே.

கேதீஸ் சாமானைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட உள்ளே நின்றான். குலேந்திரனும் சுபத்திராவும் காருக்குப் போனார்கள். வெயில் நல்ல வெயில், காரின் கதவுப்பிடி சுட்டது. இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். காதுக்குள் இன்னும் ஒரு விசில் கூவிக்கொண்டிருந்தது. அவள் கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் முந்தானையால் அவன் கன்னத்தைத் துடைத்தாள், கோது சுட்ட இடம் சிவந்திருந்தது.

"ஒண்டும் படேல்லை" என்றான். "இருபதிலை ஒண்டுகூட ஆளிலை படேல்லை."

"பாத்தனான். கண்ணாடியாலை தெரிஞ்சுது." முந்தானை நுனியை மடியில் விட்டாள். "படக்கூடாது எண்டுதான் நானும் நேந்துகொண்டிருந்தன்."

"ஏன்?"

சுபத்திரா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "கலியாணம் பேசின நேரம் உங்கடை அம்மா எங்கடை வீட்டுக்கு வந்தவ. கோயிலுக்கு வந்தனான், அப்பிடியே எட்டிப் பாப்பம் எண்டு வந்தனான் எண்டா. எங்கடை அம்மா தேத்தண்ணி போட உள்ளை போற மட்டும் பாத்துக்கொண்டிருந்திட்டு என்ர கையைப் பிடிச்சா. பிள்ளை, என்ர மகன் எட்டு மாசம் அங்கை இருந்தவன், என்ன செய்தவன் எண்டு நான் கேக்கேல்லை, நீயும் அவனை நெருக்காதை. உனக்கு ஏலாது எண்டால் இப்ப சொல்லு, சாதகம் பொருந்தேல்லை எண்டு நானே சொல்லிப்போடுறன் எண்டா."

குலேந்திரன் அவளைப் பார்த்தான். இருபத்தாறு வருடம். இரவுகளில் அவன் முழித்துக்கொண்டு கிடக்கும்போது மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவள், தீபாவளிக்கு வெடி கொளுத்தப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு அனுப்பியவள். அவளுக்குச் சத்தம் பிடிக்காது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

"நீர் என்ன சொன்னீர்?" என்று கேட்டான்.

"தேத்தண்ணி வருது, குடிச்சிட்டுப் போங்கோ மாமி எண்டன். அண்டைக்குத்தான் முதன்முதல் மாமி எண்டு கூப்பிட்டனான்."

அவனுடைய தோள்கள் இறங்கின. இவ்வளவு காலமும் அவை ஏறியே இருந்தன என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. முழங்கால்மேல் வைத்திருந்த தன் கையைப் பார்த்தான், நகக்கண் சிவந்து வீங்கியிருந்தது, சாதாரணமான கை. அவள் அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியாதது ஒண்டு இருக்கு" என்றான்.

"சொல்லுங்கோ."

கண்ணாடிக்கு வெளியே கேதீஸ் கடையிலிருந்து வந்து காரின் முன்கதவில் கை வைத்தான். சுபத்திரா உள்ளிருந்தபடியே கையை உயர்த்தி, கொஞ்சம் நில் என்று காட்டினாள். அவன் ஒன்றும் விளங்காமல் அக்காவைப் பார்த்துவிட்டு, நாலடி தள்ளி ஒரு மரநிழலில் போய் நின்றான்.

"ஒரு மனுசன்" என்று குலேந்திரன் தொடங்கினான். "விடியப்பறம் முகம் கழுவிக்கொண்டிருந்தவர்."